பென்சிலினுக்கு முன்பே ஃபிளெமிங் கண்டுபிடித்த 'கண்ணீர் என்சைம்': மருத்துவமனைக் கிருமிகளுக்கு எதிரான போர் எங்கே தொடங்கியது?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்துக்கு வரும்போது பலருக்குக் கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். 14 கிலோமீட்டர் பாதை, அதுவும் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில் நடக்கிறார்கள். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் பக்கம் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கல் கீறியிருக்கும், ஒரு கண்ணாடிச் சில்லு குத்தியிருக்கும்.

தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், ஒரு பிளாஸ்திரி ஒட்டுவார்கள், எழுந்து நடப்பார்கள். அவ்வளவுதான். சீழ் வைத்தால்கூட மறுநாள் டாக்டர் எழுதித்தரும் மாத்திரையில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நம்பிக்கை யாருக்கும் கிடையாது. ஒரு சின்னக் காயம் செப்டிக் ஆகி ஆளையே கொண்டுபோகும். தொற்று என்றால் ஊரையே காலிசெய்ய வேண்டிய காலம் அது. 1905-ல் திருவண்ணாமலையில் பிளேக் பரவியபோது மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். விரூபாக்ஷ குகையில் இருந்த ரமணர் பச்சையம்மன் கோயிலுக்கு இடம் மாறிச் சில மாதங்கள் தங்கினார்.

அந்த நிலைமையை மாற்றியவர்களில் முக்கியமானவர் அலெக்ஸாண்டர் ஃபிளெமிங். பென்சிலினைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்பே அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அது ஒரு நொதி, அதாவது என்சைம். மனித உடம்பே தயாரிக்கும் கிருமிக்கொல்லி. மருத்துவமனையில் கிருமியை என்சைமால் விரட்ட முடியுமா என்று இன்று நடக்கும் ஆராய்ச்சிகளுக்கு அதுவே பிள்ளையார் சுழி.

யார் இந்த ஃபிளெமிங்?

1881 ஆகஸ்ட் 6-ம் தேதி, ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில், டார்வல் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் உள்ள லாக்ஃபீல்டு பண்ணையில் பிறந்தார். அப்பா ஹியூ விவசாயி. அம்மா கிரேஸ், அப்பாவின் இரண்டாவது மனைவி. வீடு முழுக்கப் பிள்ளைகள். ஆடு மேய்ப்பதும், ஓடையில் மீன் பிடிப்பதும், பல மைல் நடந்து பள்ளிக்கூடம் போவதுமாகப் போனது குழந்தைப் பருவம்.

ஏழு வயதில் அப்பா இறந்துபோனார். 13 வயதில் லண்டனில் இருந்த அண்ணன் டாம் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அண்ணன் கண் டாக்டர். அங்கே கொஞ்ச காலம் படிப்பு, பிறகு ஒரு கப்பல் கம்பெனியில் கிளார்க் வேலை. நாலு வருஷம் கணக்கு எழுதினார். அந்த வேலை அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை.

அப்போது சித்தப்பா முறை உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்தில் ஒரு சின்னப் பங்கு கைக்கு வந்தது. அண்ணன் யோசனைப்படி அந்தப் பணத்தில் டாக்டருக்குப் படிக்க முடிவெடுத்தார். 1901-ல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனைக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தார்? அவர் முன்பு அந்தக் கல்லூரி அணிக்கு எதிராக வாட்டர் போலோ விளையாடியிருக்கிறார். அந்தப் பழக்கம்தான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

1906-ல் படிப்பு முடிந்தது. சர்ஜன் ஆகியிருக்க வேண்டியவர். ஆனால் அவர் துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரர். கல்லூரியின் துப்பாக்கிச் சுடும் அணியில் இருந்து அவரை விட்டுவிட அணித் தலைவருக்கு மனமில்லை. அதனால் அதே மருத்துவமனையின் தடுப்பூசி ஆய்வகத்தில் ஒரு வேலைக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். ஃபிளெமிங் சேர்ந்தார். கிட்டத்தட்ட வாழ்க்கை முழுவதும் அந்த இடத்திலேயே இருந்தார்.

குரு ஆல்ம்ரோத் ரைட்டுக்கு இந்தியாவோடு என்ன தொடர்பு?

அந்த ஆய்வகத்தின் தலைவர் ஆல்ம்ரோத் ரைட். டைஃபாய்டு தடுப்பூசியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1898-ல் பிளேக் நோயை ஆராய ஆங்கிலேய அரசு அமைத்த குழுவில் ஓர் உறுப்பினராக இந்தியா வந்தவர். இங்கே இருந்த ராணுவ வீரர்களுக்குத் தன்னுடைய டைஃபாய்டு தடுப்பூசியைப் போட்டுப் பார்த்ததும் அந்தப் பயணத்தில்தான்.

கிருமியை வெளியிலிருந்து மருந்து ஊற்றிக் கொல்வதைவிட, உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியை வளர்ப்பதே சரியான வழி என்பது ரைட்டின் உறுதியான எண்ணம். ரைட் ஓயாமல் பேசுபவர். ஃபிளெமிங்கோ வாயைத் திறக்காத ஆள். ஆனால் குருவின் அந்த எண்ணம் சிஷ்யனின் மனதில் ஆழமாகப் பதிந்தது. அதற்கான பரீட்சை 1914-ல் வந்தது.

போர்க்கள ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது?

முதல் உலகப்போர் தொடங்கியதும் ரைட்டின் குழு பிரான்ஸின் பூலோன் நகருக்குப் போனது. அங்கே ஒரு சூதாட்ட விடுதியை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதில் ஒரு பகுதியில் ஆய்வகம் அமைத்தார்கள்.

தினமும் காயம்பட்ட வீரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். குண்டுச் சிதறல் உடம்பைக் கிழித்து உள்ளே போகும்போது சேறு, அழுக்குத் துணி எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும். காயத்தால் உடனே சாகாதவர்கள், சில நாளில் தொற்றால் செத்தார்கள். சதை அழுகி, உடம்பு வீங்கி, வாயு சேர்ந்து, கண் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்றைய டாக்டர்களிடம் இருந்த ஆயுதம் கிருமிநாசினி. 1860-களில் ஜோசஃப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தி அறுவை சிகிச்சை மரணங்களைக் குறைத்துக் காட்டியதிலிருந்து அது வேதவாக்கு மாதிரி ஆகியிருந்தது. காயமா, ஊற்று கிருமிநாசினியை. இதுதான் வழக்கம்.

ஃபிளெமிங் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி, அதன் சுவரிலிருந்து முள் முள்ளாக வெளியே நீளும் உள்ளீடற்ற பொந்துகளை உருவாக்கினார். கிழிந்த காயத்தில் இருக்கும் சந்து பொந்துகளுக்கு அது ஒரு மாதிரி. அதில் கிருமி உள்ள திரவத்தை நிரப்பிக் கொட்டினார். பிறகு கிருமிநாசினியை நிரப்பிக் கொட்டினார். கடைசியாகச் சுத்தமான திரவத்தை ஊற்றி வைத்தார். கிருமிகள் மறுபடியும் வளர்ந்தன. பொந்துகளின் அடிவரை மருந்து போய்ச் சேரவே இல்லை.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். கிருமிநாசினி கிருமியைக் கொல்வதற்கு முன்பே, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்களைக் கொன்றுவிடுகிறது. அதாவது தரையில் ஊற்ற வேண்டியதைக் காயத்துக்குள் ஊற்றினால், எதிரிக்கு முன்னால் நம்ம ஆட்களே செத்துப்போகிறார்கள்.

செத்த சதையை வெட்டி எடுங்கள், உப்புத் தண்ணீரால் கழுவுங்கள், கிருமிநாசினியை ஆழமான காயத்தில் ஊற்றாதீர்கள் என்று ரைட்டும் ஃபிளெமிங்கும் வாதாடினார்கள். பல ராணுவ சர்ஜன்கள் காதில் வாங்கவில்லை.

கிருமியைக் கொல்ல வேண்டும், ஆனால் உடம்பைக் கொல்லக் கூடாது. அப்படி ஒரு பொருள் இருக்கிறதா? பூலோனிலிருந்து ஃபிளெமிங் கொண்டுவந்த கேள்வி இது.

1921: சளிபிடித்த மூக்கிலிருந்து ஒரு கண்டுபிடிப்பு

போர் முடிந்து செயின்ட் மேரிஸ் திரும்பினார். 1915-லேயே சாரா என்ற அயர்லாந்து நர்ஸைக் கல்யாணம் செய்திருந்தார். லண்டனில் குடும்பம், பகலெல்லாம் ஆய்வகம் என்று நாட்கள் போயின.

1921 நவம்பர். ஃபிளெமிங்குக்குச் சளி பிடித்திருந்தது. இன்னொருவராக இருந்தால் லீவு போட்டிருப்பார். இவர் தன் மூக்குச் சளியை எடுத்து, கிருமி வளர்க்கும் தட்டில் வைத்துப் பார்த்தார். சில நாளில் அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பாக்டீரியா வளர்ந்தது. ஆனால் சளி இருந்த இடத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியாக்கள் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகியிருந்தன.

பாக்டீரியா கலங்கலாக இருந்த ஒரு குழாயில் கொஞ்சம் சளியைக் கலந்தார். சற்று நேரத்தில் கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் ஆனது.

பிறகு கண்ணீரில் பார்த்தார். அதே விளைவு, இன்னும் பலமாக. அதற்கு அப்புறம் செயின்ட் மேரிஸ் ஆய்வகத்தில் கண்ணீருக்குக் கிராக்கி வந்துவிட்டது. ஃபிளெமிங்கும் உதவியாளர் அல்லிசனும் எலுமிச்சைத் தோலைக் கண்ணில் பிழிந்துகொண்டு அழுதார்கள். வருகிறவர், போகிறவர், ஆய்வகப் பணியாளர் என்று யாரையும் விடவில்லை.

எச்சில், ரத்தத்தின் வெள்ளை அணுக்கள், தாய்ப்பால் எல்லாவற்றிலும் அந்தப் பொருள் இருந்தது. கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் ஏகத்துக்கும் இருந்தது. பாக்டீரியாவைக் கரைக்கும் என்சைம் என்ற பொருளில் அதற்கு லைசோசைம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர் ரைட். 1922-ல் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியானது.

லைசோசைம் எப்படிக் கிருமியைக் கொல்கிறது?

என்சைம் என்பது ஒரு வகைப் புரதம். ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் வேகமாகச் செய்யும். வயிற்றில் சோறு செரிப்பதும், துணிசோப்புப் பவுடர் குழம்புக் கறையை எடுப்பதும் என்சைம்களின் வேலையே.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. கீற்றைக் குறுக்கும் நெடுக்கும் பின்னி வேலி கட்டுவது போல, சர்க்கரைச் சங்கிலிகளைப் பின்னிச் செய்த சுவர் அது. லைசோசைம் அந்தச் சங்கிலிகளின் கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டும். வேலி தளர்ந்ததும், வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து பாக்டீரியா ஊதி வெடிக்கும்.

மனித செல்லுக்கு அந்த மாதிரிச் சுவரே கிடையாது. அதனால் லைசோசைம் நம் செல்லை ஒன்றும் செய்யாது. பூலோனில் ஃபிளெமிங் தேடிய குணம் இதுதான். எதிரியை மட்டும் அடிக்கும் ஆயுதம்.

தூசியும் கிருமியும் நாள் முழுக்கப் பட்டுக்கொண்டே இருக்கும் கண் ஏன் தினமும் சீழ் பிடிப்பதில்லை? பதிலின் ஒரு பகுதி கண்ணீரில் இருக்கும் இந்த என்சைம்.

அப்படியானால் அது ஏன் மருந்தாகவில்லை?

சிக்கல் இங்கேதான். லைசோசைம் சுலபமாகக் கரைத்த பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. ஆளைக் கொல்லும் கிருமிகள் பலவற்றின் மீது அது பெரிதாக வேலை செய்யவில்லை. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமும் இல்லை. கண்ணீரையும் எச்சிலையும் தாண்டி உள்ளே வரத் தெரிந்த கிருமிதானே நோயை உண்டாக்குகிறது.

1921 டிசம்பரில் லண்டனில் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் ஃபிளெமிங் இதைப் பற்றிப் பேசினார். பேச்சு முடிந்ததும் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் பேச்சாளர் இல்லை. மெல்லிய குரலில், எழுதி வைத்ததை வாசிப்பது போலப் பேசுவார். அரங்கம் அமைதியாகக் கலைந்துவிட்டது.

ஆனால் அவர் விடவில்லை. அடுத்த சில வருஷங்கள் லைசோசைம் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரை எழுதினார். யாரும் சட்டை செய்யாத ஒரு விஷயத்தில் கிடைத்த அந்தப் பழக்கம், தட்டில் பாக்டீரியா கரைந்திருந்தால் நின்று பார்க்கும் பழக்கம், 1928-ல் கைகொடுத்தது.

1928: ஜன்னலோர மேஜையில் பூசணம்

கோடை விடுமுறை முடிந்து செப்டம்பர் தொடக்கத்தில் ஃபிளெமிங் ஆய்வகம் திரும்பினார். ஊருக்குப் போகும் முன் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி வளர்த்த தட்டுகளை மேஜையில் அடுக்கி வைத்திருந்தார். சீழ்க்கட்டியை உண்டாக்கும் கிருமி அது. மருத்துவமனைத் தொற்றுகளுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

ஒரு தட்டில் பூசணம் பூத்திருந்தது. பழைய ரொட்டியில் பூக்குமே, அந்த மாதிரி. அந்தப் பூசணத்தைச் சுற்றி இருந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் கூட்டங்கள் கரைந்துபோயிருந்தன.

வேறு யாராவது பார்த்திருந்தால் தட்டு கெட்டுப்போச்சு என்று கழுவப் போட்டிருப்பார்கள். ஃபிளெமிங்குக்கு அது ஏற்கெனவே பார்த்த காட்சி. 1921-ல் சளியைச் சுற்றிப் பார்த்த அதே தெளிவு. ஆனால் இந்த முறை கரைந்தது சாதுவான கிருமி இல்லை, ஆளைக் கொல்லும் கிருமி.

பூசணத்திலிருந்து வந்த அந்தப் பொருளுக்குப் பென்சிலின் என்று பெயர் வைத்தார். 1929-ல் கட்டுரை வெளியிட்டார். பென்சிலின் என்சைம் அல்ல. ஆனால் அடிக்கும் இடம் அதே பாக்டீரியாச் சுவர்தான். லைசோசைம் கட்டிய சுவரை இடிக்கிறது என்றால், பென்சிலின் சுவர் கட்டும் வேலையையே நிறுத்துகிறது.

பென்சிலினைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க ஃபிளெமிங்கின் ஆய்வகத்தால் முடியவில்லை. சீக்கிரம் கெட்டுப்போனது, அளவும் மிகக் குறைவு. அவர் வேதியியல் நிபுணரும் இல்லை. மெதுவாக வேறு வேலைகளுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அந்தப் பூசணத்தை மட்டும் பத்திரமாக வளர்த்து வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

பென்சிலினை மருந்தாக்கியது யார்?

இந்த இடத்தில் லைசோசைம் மறுபடியும் கதைக்குள் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஃப்ளோரி பல வருஷமாக லைசோசைமில் ஆர்வம் காட்டிவந்தார். அவருடைய குழுவில் இருந்த வேதியியலாளர் எர்ன்ஸ்ட் செயின், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். பாக்டீரியாவைக் கரைக்கும் பொருட்கள் பற்றிப் பழைய கட்டுரைகளைத் தேடியபோது ஃபிளெமிங்கின் 1929 கட்டுரை செயின் கண்ணில் பட்டது.

1940 மே 25-ம் தேதி எட்டு எலிகளுக்கு ஆபத்தான கிருமியை ஊசி மூலம் ஏற்றினார்கள். நாலு எலிகளுக்கு மட்டும் பென்சிலின். மறுநாள் காலையில் பென்சிலின் பெற்ற நாலும் உயிரோடு இருந்தன. மற்ற நாலும் செத்துப்போயிருந்தன.

1941 பிப்ரவரியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் சிகிச்சை. தொற்று முற்றிப்போன ஒரு போலீஸ்காரர். மருந்து போட்டதும் தேறினார். ஆனால் கையிருப்பு தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்து பென்சிலினைத் திரும்பப் பிரித்தெடுத்துக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. மார்ச்சில் இறந்துபோனார்.

1942-ல் ஃபிளெமிங்கே ஒரு நோயாளிக்காக ஃப்ளோரியிடம் பென்சிலின் கேட்டு வாங்கினார். மூளை உறையில் தொற்று, பிழைப்பது கஷ்டம் என்ற நிலை. முதுகுத்தண்டு வழியாக மருந்து கொடுத்தார். ஆள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார். செய்தி பத்திரிகைகளில் வந்தது. அதன் பிறகு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது.

1944-ல் சர் பட்டம். 1945-ல் ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் நோபல் பரிசு. புகழில் பெரும்பங்கு ஃபிளெமிங்குக்கே போனது. உழைப்பில் பெரும்பங்கு ஆக்ஸ்ஃபோர்டு குழுவுடையது. அந்த வருத்தம் ஃப்ளோரியின் குழுவில் கடைசிவரை இருந்தது.

இந்தியாவில் புனே அருகே பிம்ப்ரியில் அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1954-ல் தொடங்கப்பட்டது. நம்மூர் ஆஸ்பத்திரிகளுக்கு உள்நாட்டுப் பென்சிலின் வரத் தொடங்கியது அதன் பிறகுதான்.

சர்ச்சிலைக் காப்பாற்றிய வாட்ஸ்அப் கதை உண்மையா?

சிறுவன் சர்ச்சில் தண்ணீரில் மூழ்கியபோது ஃபிளெமிங்கின் அப்பா காப்பாற்றினார், அதற்கு நன்றியாகச் சர்ச்சிலின் அப்பா ஃபிளெமிங்கைப் படிக்க வைத்தார், பிறகு அதே பென்சிலின் சர்ச்சிலைக் காப்பாற்றியது. இந்தக் கதை அடிக்கடி ஃபார்வர்டு ஆகும்.

உண்மை இல்லை. ஃபிளெமிங் படித்தது உறவினர் விட்டுச்சென்ற பணத்தில். 1943-ல் சர்ச்சிலுக்கு நிமோனியா வந்தபோது கொடுக்கப்பட்டது சல்ஃபா வகை மருந்து, பென்சிலின் அல்ல.

கிருமிகளின் பதிலடியும் ஓர் என்சைம்தான்

பென்சிலின் மருந்தாவதற்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு குழுவுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சில பாக்டீரியாக்கள் பென்சிலினை உடைக்கும் ஓர் என்சைமைத் தயாரிக்கின்றன என்று 1940 டிசம்பரில் செயினும் எட்வர்டு ஆபிரகாமும் அறிவித்தார்கள். அதற்குப் பெயர் பென்சிலினேஸ்.

அதாவது, மனித உடம்பு என்சைமால் கிருமியை உடைக்கிறது. கிருமி என்சைமால் மருந்தை உடைக்கிறது.

ஃபிளெமிங்குக்கு இந்த ஆபத்து புரிந்திருந்தது. 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார். தொண்டை வலிக்குத் தானே பென்சிலின் வாங்கி, போதாத அளவில் சாப்பிடும் ஒருவரைக் கற்பனை செய்து காட்டினார். கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிவிடும். அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றும். அவருக்கு நிமோனியா வரும்போது பென்சிலின் வேலை செய்யாது. மனைவி இறந்துபோவார்.

சொன்ன மாதிரியே ஆச்சு. 1948-ல் லண்டனில் ஒரு மருத்துவமனையில் மேரி பார்பர் ஆராய்ந்தபோது, அங்கே கிடைத்த ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைகளில் பாதிக்கும் மேல் பென்சிலினுக்கு அடங்காதவை. மருத்துவமனையே பலமான கிருமிகளை வளர்க்கும் இடமாகிவிட்டது.

சென்னைக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு சம்பந்தம் இருக்கிறது.

முதலாவது பெருமையானது. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் தன் சகாக்களோடு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்று காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் அதை அழைக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 1965-ல், லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழு எக்ஸ்-கதிர் மூலம் ஓர் என்சைமின் முப்பரிமாண வடிவத்தை முதன்முறையாகக் கண்டறிந்தது. அந்த என்சைம், ஃபிளெமிங்கின் லைசோசைம். கோழிமுட்டையிலிருந்து எடுத்தது. இன்றுவரை புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் சரியா என்று சோதிக்க ராமச்சந்திரன் வரைபடத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது கவலையானது. 2010-ல் சென்னை ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஓர் ஆய்வு லான்செட் குழும இதழில் வெளியானது. கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்குகளான கார்பபெனெம் மருந்துகளையே உடைக்கும் என்டிஎம்-1 என்ற என்சைம் கொண்ட கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 மாதிரிகளில் இருந்ததாக அது சொன்னது. பெயரில் டெல்லி இருந்ததால் பெரிய சர்ச்சை வெடித்தது.

அதன் தொடர்ச்சியாக 2012-ல் மருத்துவர்கள் சென்னையில் கூடி 'சென்னை பிரகடனம்' என்ற செயல்திட்டத்தை உருவாக்கினார்கள். முக்கியமான பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற ஷெட்யூல் எச்1 விதி 2014-ல் நடைமுறைக்கு வந்தது.

இன்று மருத்துவமனைகளில் என்சைம் எதற்கு?

மருந்து தோற்கத் தொடங்கினால், தொற்று வராமல் தடுப்பதுதான் முதல் வேலை ஆகிறது. அங்கே என்சைம் சத்தமில்லாமல் வேலை பார்க்கிறது.

வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப், அறுவை சிகிச்சைக் கத்தரி போன்றவற்றில் ரத்தம், சளி, கொழுப்பு ஒட்டியிருக்கும். அதன் மேல் நேரடியாகக் கிருமிநாசினியை ஊற்றினால் என்ன ஆகும்? அழுக்கின் அடியில் இருக்கும் கிருமிக்கு மருந்து போய்ச் சேராது. குளுட்டரால்டிஹைடு போன்ற சில மருந்துகள் ரத்தப் புரதத்தைக் கருவியோடு இன்னும் இறுக்கமாக ஒட்டவே வைத்துவிடும். ஃபிளெமிங்கின் கண்ணாடிக் குழாய்ப் பொந்துகளில் நடந்த அதே கதை.

அதனால் முதலில் என்சைம் கரைசலில் ஊறவைக்கிறார்கள். புரோட்டியேஸ் ரத்தத்தையும் சளியையும் உடைக்கும், லிப்பேஸ் கொழுப்பை உடைக்கும், அமைலேஸ் மாவுப்பொருளை உடைக்கும். பிறகு பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுகிறார்கள். அதன் பிறகே கிருமிநாசினி அல்லது ஆட்டோகிளேவ். கரைசலைக் கொதிக்கும் நீரில் கலக்கக் கூடாது. சூடு அதிகமானால் என்சைம் கெட்டுவிடும், ரத்தமும் முட்டை வெந்தது போல உறைந்துவிடும்.

இன்னொரு இலக்கு பயோஃபிலிம். பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி, கிருமிகள் ஒன்றாகச் சேர்ந்து வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு குழாய்களிலும் சிங்க்கிலும் ஒட்டியிருக்கும். அந்தப் படலத்தைக் கரைக்கும் என்சைம்கள் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இருந்து எடுத்த, லைசோசைம் மாதிரியே சுவரை உடைக்கும் எண்டோலைசின் என்ற என்சைம்களையும் சோதிக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. கருவி கழுவும் என்சைம் அழுக்கை எடுக்குமே தவிர, அது கிருமிநாசினிக்கு மாற்று இல்லை. எலுமிச்சைத் தோல், வெல்லம் ஊறவைத்து வீட்டில் செய்யும் பயோ-என்சைம் தரை துடைக்க உதவலாம். காயத்துக்கோ, ஆஸ்பத்திரிக் கருவிக்கோ அதை நம்பக் கூடாது. கை கழுவுவதற்கும் மாற்று கிடையாது.

ஃபிளெமிங்கின் கடைசி நாட்கள்

1949-ல் மனைவி சாரா இறந்தது அவரை உடைத்துப்போட்டது. ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையிலேயே மூழ்கினார். 1953-ல் தன்னுடன் பணியாற்றிய கிரேக்க நாட்டு ஆய்வாளர் அமாலியாவை மணந்தார். 1955 மார்ச் 11-ம் தேதி லண்டன் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். வயது 73. அஸ்தி லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

உலகம் அவரைப் பென்சிலினுக்காகக் கொண்டாடியது. அவருக்கோ லைசோசைம் மேல் தனிப் பிரியம் கடைசிவரை இருந்தது. பென்சிலின் தற்செயலாக ஜன்னல் வழியாகவோ படிக்கட்டு வழியாகவோ வந்தது. லைசோசைம் அவராகத் தேடிக் கண்டது.

அடி அண்ணாமலையில் உட்கார்ந்து கால் காயத்தைக் கழுவும் பக்தரின் உடம்பிலும் அந்த என்சைம் வேலை செய்துகொண்டிருக்கிறது. கண்ணீரில், எச்சிலில், காயத்தைத் தேடி ஓடிவரும் வெள்ளை அணுக்களில். சின்னக் காயத்துக்குப் பெரும்பாலும் அதுவும் நல்ல தண்ணீரும் சோப்பும் போதும். போதாமல் போனால் மாத்திரை இருக்கிறது. டாக்டர் எழுதினால் மட்டும், எழுதிய நாள் வரைக்கும் சாப்பிட்டால், அடுத்த தலைமுறைக்கும் அது இருக்கும்.